நிழல்காரிக்குக் குரல் கொடுத்த கூட்டம்

நிழல்காரியை நான் வெறுத்த அளவுக்கு இந்த உலகத்தில் வேறு யாரையும் வெறுத்ததில்லை. அவள் எங்கள் வீட்டிலேயே, என் அண்ணியின் தொண்டைக்குள் குடியிருந்தாள் என்பது வேறு விஷயம்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்கள் விழிக்க வேண்டாம். வேறு மொழியில் எடுத்து, நம் மொழியில் பேசவைத்த தொலைக்காட்சித் தொடர் அது. மேகத்துக்கு மேலே ஓர் அரசன். சாகாவரம் வாங்கியவன். அந்த வரத்துக்கு விலையாக அவன் நிழலைப் பிடுங்கி ஒரு பெட்டியில் பூட்டிவைத்திருக்கிறார்கள். பூமியில் கடிகாரம் பழுதுபார்க்கிற ஒரு பெண்மேல் அவனுக்குக் காதல். நிழல் திரும்பக் கிடைத்தால் அவன் மனிதனாகிவிடுவான், அவளைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகக் கிழவனாகலாம். பெட்டிச் சாவி யாரிடம்? அவனுக்கென்று எப்போதோ நிச்சயம் செய்யப்பட்டு, நூற்றாண்டுக் கணக்கில் காத்துக் கிடப்பவளிடம். அவள்தான் நிழல்காரி. சாவியைக் கொடுப்பாளா? நாசமாய்ப் போகிறவள், கேட்டால் கிணற்றில் அல்லவா பிடித்துத் தள்ளுகிறாள்!

நான் ஜோடிக் கட்சி. அரசனும் கடிகாரக்காரியும் சேர்ந்தே ஆக வேண்டும் என்று சத்தியம் செய்துகொண்ட கூட்டம் எங்களுடையது. மருந்துக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதற்கு நடுவே ஆள் வராத நேரமெல்லாம் போனில் எங்கள் குழுவில் நிழல்காரியைக் கரித்துக்கொட்டுவதுதான் என் முழுநேர வேலை என்று முதலாளி சொல்வார். பொறாமை பிடித்தவர், அவர் இந்தத் தொடரே பார்ப்பதில்லை.

இனி அண்ணி. என் அண்ணனுக்கு வாய்த்தவள், லிப்ட் ரிப்பேர் செய்கிற அவனை மேலும் கீழும் ஆட்டிவைப்பவள். எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் 'கூட்டம்'. அண்ணன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "கூட்டம் வந்துடுச்சா?" என்றுதான் கேட்பான். காரணம் அவள் தொழில். படத்திலும் தொடரிலும் பின்னணியில் ஜனங்கள் சளசளவென்று பேசுவது கேட்குமே, அதைத் தனியாகப் பதிவு செய்வார்கள். நாலைந்து பேர் ஒரு மைக்கைச் சுற்றி நின்றுகொண்டு, திரையில் சந்தை வந்தால் "கிலோ என்ன விலை?" என்பார்கள், விபத்து நடந்தால் "ஐயையோ, யாராச்சும் வாங்களேன்!" என்பார்கள். கூட்டத்துக்கு யாரும் வசனம் எழுதிக் கொடுப்பதில்லை. வாய்க்கு வந்ததைப் பேச வேண்டும், அமைதி விழ விடக் கூடாது, கதாநாயகியின் பேச்சை அமுக்கிவிடக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அண்ணிக்கு இதுதான் வேலை.

கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கமான வார்த்தை உண்டாம். அண்ணிக்கு "பாத்துப் போ". திரையில் யார் வெளியே கிளம்பினாலும் சரி, ரயில் நிலையம், பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி, எதுவானாலும் அவளுக்கு வாயில் அதுதான் வரும். வீட்டிலும் அதேதான். நானும் அண்ணனும் காலையில் கிளம்பும்போது சமையலறையிலிருந்து ஒரு "பாத்துப் போ" வரும். எங்கள் காதுக்கு அது கதவுச் சத்தம் மாதிரி பழகிப்போனது. அவள் எல்லோருக்கும் பிறகு கிளம்புகிறவள், அதனால் அவளுக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்காது.

நிழல்காரி அவளுக்குக் கிடைத்தது தற்செயல். குரல் கொடுக்க வேண்டிய பெண் வெளியூர் போய்விட்டாள், பதிவு நிற்கக் கூடாது. டப்பிங் இயக்குநர் கூட்டத்தைப் பார்த்து, "கொஞ்சம் கட்டைக் குரலா யாரு இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். அண்ணி கையைத் தூக்கிவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஏய், எனக்கு வசனம் எழுதிக் கொடுத்தாங்கடி! தாள்ல! என் பங்குன்னு தனியா கோடு போட்டு!"

"யாருக்கு அண்ணி குரல்?"

"அதான், அந்த நிழல்காரி."

"போயும் போயும் அவளுக்கா!" என்றேன். தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது.

முதல் வாரம் தொடர் முடிந்து பெயர்கள் ஓடும்போது எங்களை எழுந்திருக்கவே விடவில்லை. நிழல்காரி என்று போட்டு, எதிரே அண்ணியின் பெயர். கண் சிமிட்டுவதற்குள் மேலே ஓடிப்போனது. அண்ணன் நிறுத்திப் படம் எடுத்து, தன் போனில் முகப்பாக வைத்துக்கொண்டான். இத்தனை வருடம் பேசியும் அவள் பெயர் எந்தத் திரையிலும் வந்ததில்லை. நானும் அந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டேன், எங்கள் குழுவில் மட்டும் யாருக்கும் காட்டவில்லை.

அதற்காகக் கட்சி மாற முடியுமா? மாலையில் தொடர் ஓடும்போது அண்ணி ஒரு பக்கம் வெந்நீரை உறிஞ்சிக்கொண்டிருப்பாள், நான் மறுபக்கம் நிழல்காரியைத் திட்டிக்கொண்டிருப்பேன். "சாவியைக் குடுத்துத் தொலையேண்டி!" என்று நான் கத்தினால், "நீ குடுப்பியா? உனக்குன்னு பேசி வெச்சவனை?" என்று இவள் நிழல்காரிக் குரலில் கேட்பாள். உடம்பு சிலிர்க்கும். கீழ்த்தளத்து அத்தை, எங்களுக்கு உறவெல்லாம் இல்லை, கட்டடத்துக்கே அத்தை, அவர் ஒருநாள் படியில் அண்ணியை நிறுத்தி, "உனக்கு வேற வேலையே கிடைக்கலையா? அந்தப் பொண்ணைக் கிணத்துல தள்ளிட்டு எப்படிம்மா சோறு இறங்குது?" என்று கேட்டேவிட்டார்.

"தள்ளினது அவ, அத்தை. நான் பேச மட்டும்தான் செஞ்சேன்."

"பேச்சுல தானே எல்லாம் இருக்கு!" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்புறம்தான் அந்தத் தவறு நடந்தது. கூட்டத்தில் வளர்ந்தவளைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் தவறு வராது.

கடிகாரக்காரி மேகக் கோட்டையிலிருந்து தனியாகப் பூமிக்கு இறங்க வேண்டும். உடைந்த படிகள், கீழே பாதாளம். நிழல்காரி அவளிடம் முகத்துக்கு நேராக, "இனி இந்தப் பக்கம் வந்தால் உயிரோடு திரும்ப மாட்டாய்" என்று மிரட்டிவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்கிறாள். அவ்வளவுதான் காட்சி. முதுகுக்கு வசனம் இல்லை. ஆனால் திரையில் ஒருத்தி கிளம்புகிறாள், படி இறங்குகிறாள், யாரும் பேசவில்லை. அமைதி விழுந்துவிட்டது. அண்ணியின் வாய் சும்மா இருக்குமா? அது பாட்டுக்கு "பாத்துப் போ" என்றுவிட்டது. மெதுவாக, மூச்சோடு மூச்சாக. பதிவு செய்தவரும் கவனிக்கவில்லை, இயக்குநரும் கவனிக்கவில்லை, வீட்டுக்கு வந்து வெந்நீர் குடித்த இவளுக்கும் நினைவில்லை. அப்படியே ஒளிபரப்பாகிவிட்டது.

நான் சோபாவிலிருந்து எழுந்தே விட்டேன். "என்ன சொன்னா? அவ இப்ப என்ன சொன்னா?"

அண்ணி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப்பேந்த விழித்தாள். "ஐயோ. அது நான்டி."

மறுநாள் காலைக்குள் உலகமே தலைகீழானது. எங்கள் குழுவிலேயே பாதிப் பேர் கட்சி மாறிவிட்டார்கள். தன் காதலைப் பறித்துக்கொண்டு போகிறவளிடம், அதுவும் முதுகைத் திருப்பிக்கொண்டு, பத்திரமாகப் போ என்று சொல்கிறவள் கெட்டவளா என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்தக் காட்சியை வெட்டிப் பாட்டுச் சேர்த்து ஓடவிட்டார்கள். நிழல்காரிக் கட்சி என்று ஒன்று கிளம்பி எங்கள் கண்ணில் விரலை விட்டு ஆட்டியது. மருந்துக் கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்த ஒரு கல்லூரிப் பெண், போகும்போது தோழியிடம் "பாத்துப் போ" என்று நிழல்காரி மாதிரியே முதுகைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. கூடவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கீழ்த்தளத்து அத்தை மாடியேறி வந்து, "பாவம்மா அவ" என்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்படித் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினால் யார் கண்ணில்தான் படாது? சேனல்காரர்கள் கண்ணில் பட்டது. நிழல்காரிக்கு இவ்வளவு மவுசு இருக்கிறதா, அப்படியானால் கடைசி வாரங்களுக்கு ஒரு பிரபல சினிமா நடிகையைப் பேசவைத்து ஊரெல்லாம் விளம்பரம் செய்யலாம் என்று முடிவுகட்டினார்கள். ஆளை மாற்றக் காரணம் வேண்டுமே. எழுதாத வசனத்தைப் பேசினாள் என்ற காரணம் கையிலேயே இருந்தது.

இயக்குநர் நல்ல மனிதர்தான். அண்ணியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, அதற்குப் பிறகுதான் சொன்னாராம். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. என் கையில எதுவும் இல்ல. நீங்க பழையபடி கூட்டத்துக்கு வாங்க, உங்களுக்கு இல்லாத இடமா?"

அண்ணி அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து கைப்பையை வீசினாள், குக்கரை நங்கென்று அடுப்பில் வைத்தாள், அப்புறம் அடுப்பைப் பற்றவைக்காமலே அதன் முன்னால் நின்றாள். அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "விடு, அந்த வேலையே வேணாம். போகாத" என்றான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அது.

"நான் ஏன் போகாம இருக்கணும்? நான் என்ன திருடினேனா?" அண்ணி திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "அவளை எல்லாரும் திட்டினப்ப அவளுக்காகத் தொண்டை கிழியக் கத்தினது நான். இப்ப அவளைக் கொண்டாடுறப்ப வேற ஒருத்தி வந்து பேசுவாளா? கடைசி எபிசோடுல என் குரல் இருக்கும். பாத்துக்கிட்டே இருங்க ரெண்டு பேரும்."

"எப்படி அண்ணி?" என்றேன்.

"எப்படின்னு தெரியாது. இருக்கும்."

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். போனை எடுத்தேன். "இப்பவே எழுதுறேன். உண்மையான நிழல்காரி எங்க அண்ணிதான், அவங்களைத் தூக்கிட்டாங்கன்னு ரெண்டு கட்சியிலயும் போடுறேன். சேனலை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க."

போனைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஒரு வார்த்தை போட்டே, கொன்னுடுவேன். எனக்காக நாலு பேர் கத்தி, அவங்க பயந்து போடுற பிச்சை எனக்கு வேணாம். நான் பேசித்தான் உள்ள போனேன். பேசித்தான் இருப்பேன்."

மறுநாளே கூட்டத்துக்குப் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். அதே கட்டடம், அதே நீளமான வராந்தா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடிகை நிழல்காரிக்குப் பேச, இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து தன் முறைக்காக இவள் காத்திருப்பாள். கூடப் பேசுகிறவர்கள், "எப்படித்தான் வர்றியோ!" என்று உச்சுக்கொட்டினால், "நடந்துதான் வரேன்" என்பாள். நடிகையின் குரல் ஒளிபரப்பான அன்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். குழந்தைகளுக்குக் கொடுக்கிற இனிப்பு சிரப் மாதிரி வழவழவென்று இருந்தது. எதிர்க்கட்சி நான், எனக்கே பொறுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணி மட்டும் முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பேசுறாங்க. மூச்சு மட்டும் எங்க விடணும்னு தெரியல" என்றாள். அவளுக்குப் பொறாமைகூடச் சரியாக வராது.

கடைசி எபிசோடுக்குப் பெரிய கூட்டம் தேவைப்பட்டது. வீட்டில் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள் என்று சொல்லியிருந்தார்களாம். அன்று எனக்கு விடுமுறை. "வாயை வெளிய திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கையில் அடித்து வாங்கிக்கொண்டுதான் அழைத்துப் போனாள். எனக்கா கசக்கும்? எங்கள் குழுவில் ஒருத்திக்கும் கிடைக்காத பாக்கியம். ஆனால் அண்ணிக்கு இன்று விட்டால் வேறு நாள் கிடையாது.

இருட்டான அறை. சுவரெல்லாம் பஞ்சு. நடுவே ஒரு மைக், எதிரே திரை. முன்னால் சத்தக் குரல்கள், பின்னால் மெல்லிய குரல்கள். அண்ணி என்னை முன்னால் தள்ளிவிட்டுத் தான் கடைசியில் போய் நின்றாள். இயக்குநர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து காட்சியைச் சொன்னார்.

"சாவியைக் கொடுத்துட்டு நிழல்காரி கோட்டையை விட்டுப் போறா. அந்த நடிகையோட வசனமெல்லாம் முன்னாடியே எடுத்தாச்சு. இங்க அவ நடந்து போறா, வழி பூரா ஜனங்க. இவ்வளவு நாள் ஆட்டிவெச்சவ, அதனால எல்லாரும் திட்டுறீங்க. சரியா? திட்டுங்க."

ஆகா! இதற்காகத்தானே பிறந்தேன்! திரையில் நிழல்காரி வந்தாள். வெறும் கால், வெறும் கை. நான் என் இத்தனை நாள் ஆத்திரத்தையும் சேர்த்து, "போய்த் தொலை! எத்தனை பேர் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்ட!" என்று கத்தினேன். உடனே நிறுத்தினார்கள். "முன்னாடி நிக்கிற பொண்ணு, கொஞ்சம் மெதுவா. நீங்க ஒருத்தர்தான் கேக்குறீங்க." எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி ஓட்டினார்கள். திட்டினோம். நிழல்காரி எங்களைத் தாண்டி நடந்தாள். வாசல் வந்தது. முதுகு மட்டும் தெரிந்தது. வெளியே அதே உடைந்த படிகள், அதே பாதாளம். திட்டுகிறவர்களுக்கே வாய் ஓய்ந்துபோய்ச் சத்தம் தேய்ந்தது. எனக்கும் ஏனோ நாக்கு எழவில்லை. அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, கட்டைக் குரலில், மூச்சோடு மூச்சாக அது வந்தது.

"பாத்துப் போ."

கண்ணாடிக்குப் பின்னால் இயக்குநர் ஹெட்போனைக் கழற்றினார்.

"யாரு அது?"

யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

"நான்தான் சார்." அண்ணி இடத்தை விட்டு நகரவில்லை. "இந்தத் தடவை வாய் தவறி வரல, தெரிஞ்சேதான் சொன்னேன். கூட்டத்துக்கு வசனம் கிடையாதுன்னு நீங்கதானே சொல்வீங்க. அவ்வளவு பேர்ல ஒருத்திக்குக்கூட அவளைப் பாத்து மனசு இரங்காதா? எல்லாரும் திட்டட்டும் சார். நான் இதைத்தான் சொல்வேன். வேணாம்னா நீங்க தூக்கிடுங்க, இன்னொரு தடவை எடுத்தாலும் இதைத்தான் சொல்வேன்."

கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று நான் கடையில் சொல்வேனே, அப்படிச் சொன்னாள். இயக்குநர் அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டுக் கேட்டார். இன்னொரு முறை கேட்டார். அப்புறம், "சரி, அடுத்த காட்சி" என்றார். வைப்பேன் என்றும் சொல்லவில்லை, தூக்குவேன் என்றும் சொல்லவில்லை.

ஒளிபரப்பு வரை என் பாடு திண்டாட்டம். குழுவில் எல்லோரும் முடிவு என்ன என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். எனக்கு ஜோடி சேர்வதைப் பற்றிக் கவலையே இல்லை. அந்த ஒரு வார்த்தை இருக்குமா, இருக்காதா என்பதுதான் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அன்று மாலை கீழ்த்தளத்து அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தார். அண்ணன் சீக்கிரமே வந்துவிட்டான். அண்ணி சோபாவில் உட்காரவில்லை, சமையலறை வாசலில் நின்றாள். நடிகையின் குரலில் நிழல்காரி சாவியைக் கொடுத்தாள். அரசனுக்கு நிழல் வந்தது. கடிகாரக்காரி அவனைக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாள் தவம் கிடந்த காட்சி, நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நிழல்காரி நடந்தாள். ஜனங்கள் திட்டினார்கள், நடுவே என் குரலும் கேட்டது, அத்தை என்னை முறைத்தார். வாசல் வந்தது. முதுகு. சத்தம் தேய்ந்தது. இசை ஏறியது.

போச்சு, தூக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

சட்டென்று இசையை நிறுத்தியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக, மொத்த இசையையும் நிறுத்தியிருந்தார்கள்.

"பாத்துப் போ."

திரையில் நிழல்காரி ஒரு கணம் நின்றாள். அது முதலிலிருந்தே படத்தில் இருந்ததுதான், அவள் சும்மாவே அங்கே நின்றிருக்கிறாள். இப்போது யாரோ சொன்னதைக் கேட்டு நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் படியில் கால் வைத்தாள்.

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். என் போன் துடியாய்த் துடித்தது. ஜோடிக் கட்சி, நிழல்காரிக் கட்சி எல்லாம் ஒன்றாகக் கதறின. 'அது அவளோட பழைய குரல்! கூட்டத்துல இருந்து அவளுக்கே சொல்றா!' என்று முகம் தெரியாத ஒருத்தி எழுதியிருந்தாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பெயர்கள் ஓடின. நிழல்காரிக்கு எதிரே நடிகையின் பெயர். கூட்டக் குரல்களுக்கு வழக்கம்போல் பெயரே இல்லை.

"இருந்துச்சா?" என்றாள் அண்ணி.

"இருந்துச்சு அண்ணி."

"சொன்னேன்ல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவ அவ்வளவு பாத்திரம் இல்லை. அண்ணன் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

மறுநாள் ஏதோ ஒரு தொடருக்குப் பேருந்து நிலையக் கூட்டம். அண்ணன் கிளம்பினான், "பாத்துப் போ" வந்தது. நான் கிளம்பவில்லை. கடைக்கு நேரமாகிறதே என்று அவள் இரண்டு தடவை விரட்டியும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் புடவையைச் சரிசெய்து, கைப்பையை மாட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கத் தொடங்கியதும் வாசலுக்கு ஓடினேன்.

"அண்ணி, பாத்துப் போங்க."

அவள் படியில் நின்றாள். திரும்பவில்லை. கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிடி" என்றாள். அப்புறம் மெதுவாக, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கிப் போனாள்.